அரசியலமைப்புப் பேரவையை மூன்றாவது தடவையும் மூடவேண்டுமா?

ஜனாதிபதி ஒருவர் முன்மொழிந்த பெயரை அரசியலமைப்புப் பேரவை ஏற்க மறுக்கின்ற ஒவ்வொரு தடவையும் இலங்கையில் ஒரே கேள்வி எழுப்பப்படுகின்றது. இலட்சக்கணக்கான மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த தலைவரின் கையைப் பிடித்து நிறுத்துவதற்கு இந்தப் பத்துப் பேரும் யார் என்பதே அக்கேள்வி. கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்வி மாறுவதில்லை. 2019 இல் மைத்திரிபால சிறிசேன தாம் அனுப்பிய நீதிபதிகளின் பெயர்களைப் பேரவை நிராகரித்துவிட்டதாகப் பாராளுமன்றத்திலேயே முறையிட்டார். 2023 இல் ரணில் விக்கிரமசிங்க பேரவையின் தாமதத்தைக் கடிந்துகொண்டார். 2025 ஏப்ரலில் கணக்காய்வாளர் நாயகம் ஓய்வுபெற்றதை அடுத்து ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க முன்மொழிந்த பெயருக்கும் பேரவையின் அங்கீகாரம் கிடைக்கவில்லை. வெவ்வேறு கட்சிகளைச் சேர்ந்த மூன்று ஜனாதிபதிகள் ஒரே கதவின் முன்னால் நிற்க நேர்ந்தது. அந்தக் கதவு ஏதோ ஓரளவுக்காவது வேலை செய்கின்றது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஆனால் கதவையே கழற்றிவிடலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு தடவையல்ல, இரு தடவைகள் அவ்வாறு கழற்றியும் இருக்கிறார்கள். 2010 இல் 18 ஆவது திருத்தமும் 2020 இல் 20 ஆவது திருத்தமும் அதைத்தான் செய்தன. புதிய அரசியலமைப்பொன்றைக் கொண்டுவருவதாக வாக்குறுதி அளித்து, 2024 நவம்பரில் 159 ஆசனங்களைப் பெற்று, மூன்றில் இரண்டுக்கும் மேலான பெரும்பான்மையுடன் ஒரு கட்சி ஆட்சிக்கு வந்திருக்கும் நிலையில், மூன்றாவது தடவை என்பது வெறும் கற்பனையல்ல. எனவே, இந்த விவகாரத்தைத் தமிழ் வாசகர்கள் 'கொழும்பின் சட்டத்தரணிகளுக்குரிய சங்கதி' என்று ஒதுக்கிவிடாமல் சற்றுப் பொறுமையுடன் நோக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் பேரவை எது, எது அல்ல என்பதைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். சபாநாயகரைத் தலைவராகக் கொண்ட பத்துப் பேரின் சபை அது. பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் பதவிவழி உறுப்பினர்கள். ஜனாதிபதி நியமிக்கும் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர், அரசாங்கத் தரப்பிலிருந்து ஒருவர், எதிர்க்கட்சித் தலைவரின் தரப்பிலிருந்து ஒருவர், அவ்விரு தரப்பையும் சாராத ஏனைய கட்சிகளிலிருந்து ஒருவர் என மேலும் நால்வர் பாராளுமன்றத்திலிருந்து வருகின்றனர். எஞ்சிய மூவர் மாத்திரமே கட்சி அரசியலுக்கு வெளியேயுள்ளவர்கள். தேர்தல் ஆணைக்குழு, பகிரங்க சேவை ஆணைக்குழு, தேசிய பொலிஸ் ஆணைக்குழு, மனித உரிமைகள் ஆணைக்குழு, இலஞ்ச ஊழல் ஆணைக்குழு முதலியவற்றுக்கான உறுப்பினர்களை ஜனாதிபதிக்கு விதந்துரைப்பது இப்பேரவையின் பணி. பிரதம நீதியரசர், உயர் நீதிமன்ற மற்றும் மேன்முறையீட்டு நீதிமன்ற நீதியரசர்கள், சட்டமா அதிபர், கணக்காய்வாளர் நாயகம், பொலிஸ் மா அதிபர், 2022 இன் பின்னர் மத்திய வங்கி ஆளுநர் ஆகியோரைப் பொறுத்தவரை பெயரைச் சொல்பவர் ஜனாதிபதியே. அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ கூறுவது மாத்திரமே பேரவையின் அதிகாரம்.

இதை வைத்துக்கொண்டு 'மக்களால் தெரிவுசெய்யப்படாத சிலரின் ஆட்சி' என்று கூச்சலிடுவது உண்மைக்கு மாறானது. பத்துப் பேரில் எழுவர் பாராளுமன்ற உறுப்பினர்கள். 2015 இல் 19 ஆவது திருத்தத்தின் மூல வரைவு எழுவர் வெளியாராகவும் மூவர் அரசியல்வாதிகளாகவும் இருக்கவேண்டும் என்றே கூறியது. அந்தக் கணக்கைத் தலைகீழாக்கித் தமக்கு எழுவர், வெளியாருக்கு மூவர் என மாற்றிக்கொண்டவர்கள் அரசியல்வாதிகளே. தாங்களே பெரும்பான்மையாக அமர்ந்திருக்கும் சபையைப் பார்த்து மக்கள் ஆணை இல்லை என்று அவர்கள் முறையிடுவது, ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்ற கதைதான்.

அடுத்து, மக்கள் ஆணை என்ற வாதத்தின் உட்பொருளையும் பார்க்கவேண்டும். மக்கள் ஒரு ஜனாதிபதிக்கு வாக்களிப்பது நாட்டை ஆளுவதற்கு. தம்முடைய கணக்கைப் பரிசோதிப்பவரையும், தம்முடைய செயலை விசாரிக்கும் நீதிபதியையும், தாம் மீண்டும் போட்டியிடவுள்ள தேர்தலை நடத்துபவரையும் தாமே தெரிந்தெடுத்துக்கொள்ளுமாறு எந்த வாக்காளரும் எந்த வாக்குச்சீட்டிலும் எழுதிக் கொடுத்ததில்லை. ஓர் ஊரின் கூட்டுறவுச் சங்கத்திற் கூட முகாமையாளர் தமது கணக்காய்வாளரைத் தாமே நியமிக்க முற்பட்டால் அங்கத்தவர்கள் எழுந்து கேள்வி கேட்பார்கள். வேலிக்கு ஓணான் சாட்சி சொல்வதை ஏற்காத மக்களே நாட்டின் அதியுயர் பதவிகளில் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார்கள்.

1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு இந்த நியமனங்களை ஏறக்குறைய முழுமையாக ஒருவர் கையில் ஒப்படைத்தது. அதன் விளைவுகளை இரு தசாப்தங்களுக்கும் மேலாகக் கண்டதன் பின்னரே 2001 இல் 17 ஆவது திருத்தம் வந்தது. அது நல்லெண்ணத்தால் மாத்திரம் பிறந்த குழந்தையல்ல. பெரும்பான்மை இழந்து தள்ளாடிய சந்திரிகா குமாரதுங்கவின் அரசாங்கத்துக்கு மக்கள் விடுதலை முன்னணி முட்டுக்கொடுப்பதற்கு விதித்த நிபந்தனைகளில் ஒன்று அது. 2002 மார்ச்சில் முதலாவது பேரவை கூடியது; மூன்றாண்டுகள் இயங்கியது. அக்காலத்திலேயே தடங்கலும் தொடங்கிவிட்டது. தேர்தல் ஆணைக்குழுவின் தலைவர் பதவிக்குப் பேரவை விதந்துரைத்தவரை நியமிக்க ஜனாதிபதி மறுத்தமையால் அந்த ஆணைக்குழு அமையவேயில்லை. ஓய்வு வயதைக் கடந்த தேர்தல் ஆணையாளர், வீடு செல்ல விரும்பியும் செல்ல முடியாமல் ஆண்டுக்கணக்கில் பதவியில் இருக்க நேர்ந்தது. பேரவை தாமதப்படுத்துகிறது என்று குறை சொல்பவர்கள் இந்தத் தாமதத்தை யார் கணக்கில் எழுதுவார்கள்?

2005 மார்ச்சில் முதலாவது பேரவையின் காலம் முடிவடைந்தது. அதன்பின் நடந்ததைத் தமிழ் வாசகர்கள் கூர்ந்து கவனிக்கவேண்டும். பெரிய இரு கட்சிகளையும் சாராத சிறிய கட்சிகள் தெரிவுசெய்ய வேண்டிய பத்தாவது உறுப்பினர் யார் என்பதில் இணக்கம் ஏற்படவில்லை. ஓர் ஆசனம் வெறுமையாக இருக்கின்றது, ஆகவே பேரவை இல்லை, ஆகவே நானே நியமிக்கிறேன் என்ற தர்க்கத்தில் 2006 இல் ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ பொலிஸ் ஆணைக்குழு, மனித உரிமைகள் ஆணைக்குழு, பகிரங்க சேவை ஆணைக்குழு ஆகியவற்றுக்கு நேரடியாக உறுப்பினர்களை நியமித்தார். சட்டப்புத்தகத்தில் 17 ஆவது திருத்தம் உயிரோடிருந்தது. நாட்டில் அது செத்துக் கிடந்தது.

2006 எத்தகைய ஆண்டு? ஜனவரியில் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். ஆகஸ்டில் மூதூரில் பட்டினிக்கு எதிரான பிரெஞ்சு தொண்டு நிறுவனத்தின் பணியாளர்கள் பதினேழு பேர் கொல்லப்பட்டனர். வெள்ளை வான் என்ற சொல் எங்கள் அன்றாடப் பேச்சில் குடிபுகுந்தது அக்காலத்தில்தான். சரியாக அந்த ஆண்டில்தான், ஜனாதிபதியால் நேரடியாக நியமிக்கப்பட்ட மனித உரிமைகள் ஆணைக்குழு, விசாரிக்கப்படாமல் கிடந்த சுமார் இரண்டாயிரம் காணாமற்போதல் முறைப்பாடுகள் மீதான விசாரணையை, அரசாங்கத்திடமிருந்து விசேட பணிப்புரை வந்தாலன்றித் தொடர்வதில்லை என்று ஒதுக்கிவைத்தது. அரசாங்கத்துக்கு எதிரான முறைப்பாட்டை விசாரிப்பதற்கு அரசாங்கத்தின் பணிப்புரைக்காகக் காத்திருந்த ஆணைக்குழு அது! 2007 இல் தேசிய மனித உரிமை நிறுவனங்களின் சர்வதேச ஒருங்கிணைப்புக் குழு அதை 'ஏ' தரத்திலிருந்து 'பீ' தரத்துக்கு இறக்கியது. உறுப்பினர்களின் நியமனம் அரசியலமைப்புக்கு முரணானதாக இருந்தமை அதற்குரிய காரணங்களில் ஒன்று. மீண்டும் 'ஏ' தரம் கிடைத்தது, பேரவையின் விதந்துரைப்பில் நியமிக்கப்பட்ட ஆணைக்குழு இயங்கிய 2018 இல்.

'இந்தப் பேரவையால் தமிழருக்கு என்ன கிடைத்தது?' என்று எங்களிடையே கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். பேரவை நமக்கு நீதியைப் பெற்றுத் தந்துவிட்டது என்று நான் ஒருபோதும் கூறமாட்டேன். திருகோணமலை மாணவர்களின் பெற்றோருக்கும் மூதூர்க் குடும்பங்களுக்கும் நீதி இன்றுவரை கிடைக்கவில்லை. பேரவை இருந்த ஆண்டுகளிலும் கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் பேரவை இல்லாத ஆண்டுகளில் முறைப்பாட்டைக் கேட்கவேண்டிய காதும் அடைபட்டது. கேட்டும் செயற்படாத காதுக்கும், கேட்கவே கூடாது என்று கட்டளையிடப்பட்ட காதுக்கும் இடையிலான வித்தியாசம் அற்பமானதல்ல. முறைப்பாட்டு இலக்கத்தைத் துண்டில் எழுதிப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் தாய்மாருக்கு அது தெரியும்.

2010 செப்டெம்பர் 8 ஆம் திகதி, அவசர சட்டமூலமாகக் கொண்டுவரப்பட்ட 18 ஆவது திருத்தம் 161 வாக்குகளால் நிறைவேறியது. எதிராக வாக்களித்தவர்கள் பதினேழு பேர் மாத்திரமே. ஜனாதிபதிப் பதவிக்கான இரு தவணை வரையறையும் அரசியலமைப்புப் பேரவையும் ஒரே நாளில் இல்லாமற் போயின. பேரவையின் இடத்துக்கு ஐவரைக் கொண்ட பாராளுமன்றப் பேரவை வந்தது. ஜனாதிபதி அதன் 'அவதானிப்புகளை'க் கேட்பார். பின்னர் தாம் நினைத்தபடி நியமிப்பார். கல்யாண வீட்டில் தாம்பூலம் வைத்து அழைத்து, பந்தியில் இடம் கொடாமல் அனுப்புவதைப் போன்ற ஏற்பாடு அது.

அந்தச் சட்டமூலத்தை நிறைவேற்றுவதற்குச் சர்வஜன வாக்கெடுப்புத் தேவையில்லை, மூன்றில் இரண்டு பெரும்பான்மை போதும் என்று தீர்மானித்த உயர் நீதிமன்ற ஆயத்துக்குத் தலைமை தாங்கியவர் நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க. 2011 இல் அவர் பிரதம நீதியரசராக நியமனம் பெற்றார். 2013 ஜனவரியில், குற்றப்பிரேரணை மூலம் அவரே பதவியிலிருந்து அகற்றப்பட்டார். அவருடைய ஆசனத்தில், முன்னாள் சட்டமா அதிபரும் அப்போது அமைச்சரவையின் சட்ட ஆலோசகராக விளங்கியவருமான மொஹான் பீரிஸ் அமர்த்தப்பட்டார். தடுப்பதற்கு எவரும் இருக்கவில்லை. இருந்த ஐவர் சபைக்கு அவதானிப்பதற்கு மாத்திரமே அதிகாரம் இருந்தது. ஒரு தடுப்பை அகற்றுவதற்கு உதவுகின்றவர்கள், நாளை அந்தத் தடுப்பு தமக்கே தேவைப்படலாம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

2015 ஏப்ரலில் 19 ஆவது திருத்தம் பேரவையை மீண்டும் கொண்டுவந்தது. 215 பேர் ஆதரித்தனர்; எதிர்த்து வாக்களித்தவர் ஒருவர். அதன் பயன் 2018 இல் தெரிந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 26 ஆம் திகதி பிரதமரை நீக்கி, நவம்பர் 9 ஆம் திகதி பாராளுமன்றத்தையும் கலைத்தார் ஜனாதிபதி சிறிசேன. தேர்தல் ஆணைக்குழுவின் உறுப்பினரான பேராசிரியர் ரட்ணஜீவன் ஹூல், தம்மை நியமித்த ஜனாதிபதியின் கலைப்பு உத்தரவுக்கு எதிராகவே உயர் நீதிமன்றம் சென்றார். டிசெம்பர் 13 ஆம் திகதி ஏழு நீதியரசர்களைக் கொண்ட ஆயம் அந்த உத்தரவு அரசியலமைப்புக்கு முரணானது என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. அந்த ஆயத்துக்குத் தலைமை வகித்த பிரதம நீதியரசர் நளின் பெரேரா, அதற்கு இரண்டு மாதங்கள் முன்னர் பேரவையின் அங்கீகாரத்துடன் அப்பதவிக்கு வந்தவர். நீதியரசர்கள் எல்லோரும் பேரவையால்தான் நேர்மையாளர்களானார்கள் என்று நான் வாதிடவில்லை. ஆனால் தமக்குப் பதவி கொடுத்தவர் ஒருவரே என்ற கடன் உணர்வு இல்லாத ஒருவருக்குத் தீர்ப்பெழுதும் கை நடுங்குவதில்லை.

பேரவையை ஒழிக்கவேண்டும் என்போரின் மிக வலுவான வாதத்துக்கு இப்போது வருகிறேன். அதை மறைத்துவிட்டு எழுதுவது நாணயமாகாது. பேரவை அங்கீகரித்தவர்களும் தவறானவர்களாக இருந்திருக்கிறார்களே என்பதே அவ்வாதம். மறுக்கமுடியாது. 19 ஆவது திருத்தத்தின் கீழ் 2016 இல் பேரவையின் அங்கீகாரம் பெற்ற பொலிஸ் மா அதிபர் பூஜித் ஜயசுந்தர, 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களைத் தடுக்கத் தவறியமைக்காக 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தால் பொறுப்பாளியாகக் காணப்பட்டவர்களில் ஒருவர். அதைவிட மோசமானது தேசபந்து தென்னக்கோனின் நியமனம். சித்திரவதை தொடர்பான அடிப்படை உரிமை மீறல் வழக்கொன்றில் 2023 டிசெம்பரில் உயர் நீதிமன்றத்தால் பொறுப்பாளியாகக் காணப்பட்ட ஒருவர், 2024 பெப்ரவரியில் நாட்டின் பொலிஸ் மா அதிபரானார். பேரவையின் ஊடாகவே ஆனார்.

ஆனால் எப்படி ஆனார் என்பதைப் பாருங்கள். பேரவை ஒரு தீர்மானத்துக்கு வருவதற்கு ஆகக்குறைந்தது ஐவரின் ஆதரவு வேண்டும். எதிர்க்கட்சித் தலைவர் பகிரங்கப்படுத்திய விபரத்தின்படி, நால்வர் ஆதரித்தனர், இருவர் எதிர்த்தனர், இருவர் வாக்களிக்காமல் ஒதுங்கினர். சமநிலை ஏற்பட்டால் மாத்திரம் சபாநாயகர் பயன்படுத்தவேண்டிய அறுதியிடும் வாக்கை, நான்குக்கு இரண்டு என்ற நிலையில் ஐந்தாவது வாக்காக எண்ணி நியமனம் நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது. அந்தக் கணக்கைத்தான் மனுதாரர்கள் உயர் நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்தினர். 2024 ஜூலை 24 ஆம் திகதி அவர் கடமையாற்றுவதற்கு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2025 ஆகஸ்ட் 5 ஆம் திகதி பாராளுமன்றம் 177 வாக்குகளால், ஒரு வாக்குத்தானும் எதிராக விழாமல், அவரைப் பதவியிலிருந்து நீக்கியது.

இந்தச் சம்பவத்திலிருந்து பேரவை பயனற்றது என்ற முடிவுக்கு வருபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஐந்து வாக்கு வேண்டும் என்ற விதி இருந்தபடியால்தான் நான்கு வாக்கு என்பது ஒரு குற்றச்சாட்டாக மாறியது. பேரவையே இல்லாதிருந்தால் எண்ணுவதற்கு வாக்குகளும் இருந்திருக்கா. மனுதாரர் சுட்டிக்காட்டுவதற்கு மீறலும் இருந்திருக்காது. ஜனாதிபதி ஒப்பமிட்ட கடிதம் ஒன்றே இருந்திருக்கும். பூட்டை உடைத்துக் கள்ளன் புகுந்துவிட்டான் என்பதற்காக, இனிமேல் பூட்டே வேண்டாம் என்று எந்த வீட்டுக்காரரும் சொல்வதில்லை. அப்படிச் சொல்பவர் கள்ளனாகத்தான் இருக்கவேண்டும், அல்லது அவனுக்கு உறவாக இருக்கவேண்டும்.

பூட்டு இல்லாத வீடு எப்படி இருக்கும் என்பதை 2020 ஒக்டோபர் முதல் 2022 ஒக்டோபர் வரையான இரண்டு ஆண்டுகள் மீண்டுமொருமுறை காட்டின. 20 ஆவது திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறியது. முன்னாள் அமைச்சர் ஒருவர் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் தலைவரானார். அந்த ஆணைக்குழு மீண்டும் சர்வதேச மீளாய்வுக்கு உட்பட்டு, 2022 இல் தரமிறக்குமாறு விதந்துரைக்கப்படும் நிலைக்கு வந்தது. காணாமல்போனோர் அலுவலகத்தின் கதை இன்னும் கசப்பானது. 2016 ஆம் ஆண்டின் சட்டம் அந்த அலுவலகத்தின் ஏழு உறுப்பினர்களையும் அரசியலமைப்புப் பேரவையின் விதந்துரைப்பிலேயே நியமிக்கவேண்டும் என்று கூறியது. பேரவை ஒழிந்தவுடன் அந்தக் காப்பும் ஒழிந்தது. கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பதினொரு இளைஞர்கள் கடத்தப்பட்டுக் காணாமலாக்கப்பட்ட வழக்கில் கடற்படையினருக்கு எதிரான நடவடிக்கைகளை நிறுத்திவைக்குமாறு சட்டமா அதிபருக்குப் பணித்த, அரசியல் பழிவாங்கல்கள் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற நீதியரசர் உபாலி அபேரத்ன. அவரே காணாமல்போனோர் அலுவலகத்தின் தலைவராக்கப்பட்டார். வீதியோரத்தில் ஆண்டுக்கணக்காகப் போராடிய எங்கள் தாய்மார் அந்த அலுவலகத்தை நம்ப மறுத்தபோது, அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று சொன்னவர்களும் உண்டு. யாருடைய கையில் தங்கள் பிள்ளையின் கோவை ஒப்படைக்கப்பட்டது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இந்த இடத்தில் சிறுபான்மைக் கட்சிகளிடமும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. 2010 இல் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் 18 ஆவது திருத்தத்துக்கு ஆதரவளித்தது. 2020 இல் அதன் தலைவர் எதிர்த்து வாக்களிக்க, அதே கட்சியின் உறுப்பினர்கள் கைதூக்கி ஆதரித்தனர். தமிழ் வாக்குகளால் தெரிவானவர்களிலும் இவ்விரு தடவையும் ஆதரித்தவர்கள் இருந்தனர். எண்ணிக்கையில் குறைந்தவர்களுக்குத்தான் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடுகள் கூடுதலாகத் தேவை. பெரும்பான்மைக்குத் தன்னுடைய ஆள் பதவியில் இருந்தால் போதும். நமக்கோ எந்த ஆள் பதவியில் இருந்தாலும் அவரைத் தடுக்கும் விதி ஒன்று வேண்டும். அந்த விதியை அமைச்சுப் பதவிக்கும் அபிவிருத்தி வாக்குறுதிக்கும் விற்றவர்கள், விற்றது தங்களுடைய சொத்தையல்ல.

பத்தாவது ஆசனத்தின் கதையும் அதனோடு சேர்ந்தது. 2005 இல் அந்த ஆசனம் வெறுமையாக இருந்தமை பேரவையையே கொல்வதற்குக் காரணமாக்கப்பட்டது. அந்த அனுபவத்திலிருந்து பாடம் கற்று, வெற்றிடம் இருந்தாலும் பேரவை இயங்கலாம் என்று பின்னைய திருத்தங்கள் ஏற்பாடு செய்தன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2023 இல் பேரவை மீண்டும் அமைந்தபோது என்ன நடந்தது? சிறிய கட்சிகளுக்குரிய அதே ஆசனம் இழுபறியில் வெறுமையாகக் கிடக்க, ஏனைய ஒன்பது பேரும் கூடி நியமனங்களை நடத்தினர். முதல் தடவை நமது ஆசனம் இல்லாததால் பேரவை இல்லை என்றார்கள்; இரண்டாவது தடவை நமது ஆசனம் இல்லாமலே பேரவை உண்டு என்றார்கள். இரு தடவையும் வெறுமையாக இருந்தது ஒரே ஆசனம். தேசபந்து தென்னக்கோனின் நியமனத்தில் ஒரு வாக்கு எவ்வளவு பெறுமதியானது என்பதை எண்ணிப் பார்ப்பவர்களுக்கு, அந்த ஆசனத்துக்காகச் சண்டையிட்டு அதை இழப்பதன் விலையும் விளங்கும். 2024 பொதுத் தேர்தலுக்குப் பின்னர் அந்த ஆசனம் தமிழர் ஒருவருக்குக் கிடைத்தது. அதில் அமர்பவர் எவராயினும், தாம் ஏன் ஆதரித்தார், ஏன் எதிர்த்தார் என்பதைத் தம்மை அனுப்பிய மக்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்.

நிறைவேற்று ஜனாதிபதி முறையே ஒழிக்கப்பட்டால் பேரவைக்குத் தேவை இருக்காது என்று வாதிடும் நண்பர்களும் உள்ளனர். அவர்கள் 1972 ஐ மறந்துவிட்டார்கள். அப்போது நிறைவேற்று ஜனாதிபதி இருக்கவில்லை. அமைச்சரவையும் பிரதமரும்தான் இருந்தனர். சோல்பரி அரசியலமைப்பின் கீழிருந்த சுயாதீனப் பகிரங்க சேவை ஆணைக்குழுவை அகற்றி, அரச ஊழியர்களின் நியமனத்தையும் இடமாற்றத்தையும் அமைச்சரவையின் கைக்கு மாற்றியது அந்த முதலாவது குடியரசு அரசியலமைப்பே. அரசாங்க உத்தியோகத்தைக் கல்வியின் பயனாக நம்பியிருந்த யாழ்ப்பாணத்துத் தலைமுறைக்கு அதன் பொருள் என்ன என்பதை நான் விளக்கவேண்டியதில்லை. நியமன அதிகாரத்துக்குக் கடிவாளம் இல்லையென்றால், குதிரையின் பெயர் ஜனாதிபதியா பிரதமரா என்பது இரண்டாம்பட்சமான விடயம்.

அப்படியாயின் பேரவை இப்போதிருக்கும் கோலத்திலேயே இருக்கட்டும் என்பதா எனது நிலைப்பாடு? இல்லவே இல்லை. அதன் மிகப் பெரிய குறை, மூடிய அறைக்குள் முடிவெடுப்பது. ஒருவர் ஏன் ஏற்கப்பட்டார், மற்றவர் ஏன் நிராகரிக்கப்பட்டார் என்பதை நாட்டு மக்கள் பத்திரிகைகளின் அரசல்புரசலான செய்திகளிலிருந்தே அறிய நேர்கிறது. தேசபந்து தென்னக்கோனின் வாக்குக் கணக்கையும் எதிர்க்கட்சித் தலைவர் வாய் திறந்தபடியால்தான் அறிந்தோம். ஒவ்வொரு நியமனத்திலும் ஆதரவு, எதிர்ப்பு, ஒதுங்கல் ஆகியவை உறுப்பினர்களின் பெயருடன் வெளியிடப்படவேண்டும். நிராகரிப்புக்கான காரணம் ஒரு பக்கத்திலாவது எழுதப்பட்டுப் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்படவேண்டும். உயர் நீதிமன்றத்தால் அடிப்படை உரிமை மீறலுக்குப் பொறுப்பாளியாகக் காணப்பட்ட எவரும் பரிசீலனைக்கே தகுதியற்றவர் என்று சட்டம் எழுதப்படவேண்டும். சபாநாயகரின் அறுதியிடும் வாக்கு சரிசமனாகப் பிரிந்தால் மாத்திரமே உண்டு என்பது எவராலும் வளைக்க முடியாத சொற்களில் கூறப்படவேண்டும். முடிவெடுப்பதற்குக் காலவரையறை வேண்டும். அது பேரவைக்கு மாத்திரமல்ல, பெயரை அனுப்பாமல் பதில் கடமைக்கு ஆள் போட்டுக் காலம் கடத்தும் ஜனாதிபதிக்கும் சேர்த்து விதிக்கப்படவேண்டும். எழுவருக்கு மூவர் என்ற கணக்கை 2015 இன் மூல வரைவுக்கு ஏற்ப மாற்றவேண்டும். பத்தாவது ஆசனத்துக்குரியவரை இத்தனை நாட்களுக்குள் சிறிய கட்சிகள் இணங்கித் தெரிவுசெய்யாவிடின் தமக்குள் வாக்கெடுத்துத் தீர்மானிக்கவேண்டும் என்ற விதியும் வேண்டும்.

இவற்றுள் எதற்கும் பேரவையை ஒழிக்கவேண்டியதில்லை. ஒழிக்கச் சொல்பவர்களில் எவரும் இவற்றுள் ஒன்றையேனும் கேட்டதாக நான் அறியேன். அவர்களுடைய சினம் பேரவை இரகசியமாக இயங்குகிறது என்பதிலல்ல, அது சிலவேளைகளில் இல்லை என்று சொல்லிவிடுகிறது என்பதிலேயே.

இன்றைய ஆட்சியாளர்களுக்கு இறுதியாக ஒன்று. 17 ஆவது திருத்தத்தை 2001 இல் நிபந்தனையாக வைத்துப் பெற்றுக்கொடுத்தவர்கள் நீங்கள். 2010 இல் 18 ஐயும் 2020 இல் 20 ஐயும் எதிர்த்து வாக்களித்தவர்கள் நீங்கள். அப்போது பாராளுமன்றத்தில் உங்களிடம் இருந்த ஆசனங்களைக் கைவிரல்களால் எண்ணிவிடலாம். அதனால் கட்டுப்பாடுகளின் அருமை உங்களுக்கு விளங்கியது. இன்று 159 ஆசனங்கள் இருக்கின்றன. நேர்மையானவர்கள் ஆளும்போது கட்டுப்பாடு எதற்கு என்று உங்கள் ஆதரவாளர்கள் கேட்கக்கூடும். 161 பேருடன் 2010 இல் கைதூக்கியவர்களும் தங்கள் தலைவரைப் பற்றி அப்படித்தான் நம்பினார்கள். நீங்கள் எழுதப்போகும் அரசியலமைப்பு உங்களுக்காக அல்ல, உங்களுக்குப் பின் வரப்போகிறவருக்காக. அவர் யாராக இருப்பார் என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அவர் அனுப்பும் பெயரைப் பார்த்து இல்லை என்று சொல்வதற்கு ஒரு சபை இருக்கட்டும்.